வாசித்துக் காட்டாத வாக்குமூலம்

காக்கா,

போன திங்கட்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்த கையோடு மாஸ்டர் வந்தார். உங்களுக்கு நினைவுக் கூட்டம் நடத்தும் குழுவுக்கு அவர்தான் செயலாளர். பஸார் முனையில், இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்த என் கடையை உங்களுக்குத் தெரியும். மாஸ்டர் எப்போதும் பெரிய தெரு வாசலால்தான் வருவார், நாலு பேர் பார்க்க வேண்டும் அவருக்கு. உங்களை நான் கூப்பிடுவது போல, என்னையும் அவர் அண்ணன் முறையில் காக்கா என்பார்.

"காக்கா, பொன்னாடை ஆறு வேணும். எல்லாம் ஒரே மாதிரி இரிக்கணும். ஒருத்தருக்கு அகலக் கரை, மத்தவருக்கு ஒடுக்கக் கரை எண்டு போச்செண்டா மேடையிலயே முகத்தைத் தூக்கிக்குவாங்க."

"ஆருக்கு மாஸ்டர்?"

"கூட்டத்துக்கு வாற அதிதிகளுக்கு."

"மௌத்தானவர் ஒருத்தர், பொன்னாடை மத்தவங்களுக்கா?"

"அவருக்குப் போத்த ஏலாதே காக்கா" என்றார், சிரிக்காமல்.

நான் வியாபாரி. ஆறு பொன்னாடை விற்க வந்த இடத்தில் நியாயம் பேசுகிறவன் இல்லை. குனிந்து அடித்தட்டுக்குள் கையை விட்டேன். கையில் வந்தது புதிய கட்டு இல்லை. மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் உறை. திறக்காமலே பூச்சி உருண்டையின் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே நாவல்பழ நிறம், பொன் கரை. அது உங்களுடையது. இத்தனை வருஷமாக அதை நான் விற்கவும் இல்லை, வீசவும் இல்லை. அவசரமாக உள்ளே தள்ளிவிட்டு மேல்தட்டிலிருந்து ஆறை எடுத்துக் கொடுத்தேன்.

போகும்போது மாஸ்டர் சொன்னார்: "நினைவு மலர் ஒண்டும் போடுறம். நீங்க சகலன், பக்கத்து வீடு. ஒரு பக்கம் எழுதித் தாங்க, நல்லதா. மறுகா, அந்த லொறிக் கதை மட்டும் வேணாம். அத விடுங்க."

அந்த லொறிக் கதையைத்தான் ஊர் இன்னும் விடவில்லை, காக்கா. உங்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதே எனக்குப் பின்னால் இரண்டு பேர் கதைத்தார்கள். "நல்ல மனுசன்தான். ஆனா அந்த மர முதலாளிட்டச் சாப்பிட்டவர் எண்டு கதை. இல்லாட்டி டீ.ஐ.ஜி. ஆகியிருப்பார்தானே." சந்தூக்குப் பெட்டியின் காலைப் பிடித்திருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்னது பொய் என்று அந்தக் கூட்டத்தில் முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகவே மாஸ்டர் கேட்ட நல்ல பக்கத்தை எழுத முடியவில்லை. இதை எழுதுகிறேன்.

நீங்கள் உப பொலிஸ் பரிசோதகராகச் சேர்ந்த காலத்தில் நான் மருதமுனைத் தறிகளில் கைலிச் சாரம் எடுத்து, சைக்கிளில் கட்டி, அக்கரைப்பற்று வரை தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தேன். மாமி தன் வளவை இரண்டாக்கி மூத்த மகளுக்கு ஒரு வீடும் இளைய மகளுக்கு ஒரு வீடும் கட்டினா. மூத்த வீட்டுக்கு நீங்கள் மாப்பிள்ளையாக வந்து நாலு வருஷம் கழித்து இளைய வீட்டுக்கு நான் வந்தேன். நடுவில் ஒரு கிணறு, ஒரு கொடிக்கயிறு. மதில் கிடையாது. உங்கள் காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் என் சாரத்தைக் காயப்போட மாமி விடமாட்டா. சாயம் இறங்கி அரசாங்க உடுப்புக் கெட்டுப் போகுமாம். "என்ட சாரத்தில சாயம் இறங்கா மாமி!" என்று நான் கத்துவதும், "அத உன்ட யாவாரத்தில சொல்லு மகன்" என்று அவ திருப்பிக் கொடுப்பதும், லீவில் வந்த நீங்கள் கட்டிலில் குப்புறக் கிடந்து சிரிப்பதும் நினைவிருக்கிறது.

லீவில் வந்தால் நீங்கள் அதிகம் தூங்கினீர்கள். மலையகத்தில் இருந்தீர்கள், வடமத்தியில் இருந்தீர்கள், சண்டைக் காலத்தில் வன்னி எல்லையில் இருந்தீர்கள். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் அதே தகரப் பெட்டி. ஒரு முறை பஸ்ஸால் இறங்கி வந்து, பெட்டியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சொன்னீர்கள்: "சிங்கள ஊரில நான் முஸ்லிம் மாத்தயா. தமிழ் ஊரில சோனகப் பொலிஸ். இஞ்ச வந்தா நம்மட ஆக்களுக்கு நான் ‘அவங்கட ஆள்’. மூண்டு பாஷையும் கதைக்கிறன் தம்பி. ஒருத்தரும் நம்புறாங்க இல்ல." கவலையாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னீர்கள். அப்போது உங்களுக்கு நாற்பது வயதுகூட இல்லை.

ஆனால் நம்பித்தான் வந்தார்கள். நீங்கள் லீவில் நின்றால் காலையில் மதினி கதவைத் திறக்கும்போதே வாசலில் செருப்புகள் கிடக்கும். ஆலையடிவேம்பிலிருந்து வருவார்கள், உள்ளே வயல் ஊர்களிலிருந்து வருவார்கள். எல்லாரும் கையில் ஒரு தாள் வைத்திருப்பார்கள். எங்கேயோ ஒரு பொலிஸில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய வாக்குமூலத்தின் பிரதி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வருவார்கள்.

சாகாமத்திலிருந்து வந்த அந்த வெள்ளாமைக்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து வயல்காரன் வேலியை வெட்டி மாட்டை விட்டுப் பயிரை அழித்தான் என்று முறைப்பாடு கொடுத்தவர். நீங்கள் தாளை வாசித்துத் தமிழில் சொன்னீர்கள். வேலி விழுந்து கிடந்ததால் மாடு வந்தது, தனக்கு யார் மீதும் முறைப்பாடு இல்லை என்று இருந்தது.

மனிதர் துள்ளி எழும்பிவிட்டார். "நான் இப்பிடிச் சொல்லல்ல சேர்! வேலிய வெட்டினதே அவன்தான்!"

"அப்ப ஏன் கையெழுத்து வச்ச நீங்க?"

"வை எண்டாங்க, வச்சன்."

"என்ன எழுதியிருக்கு எண்டு கேக்கல்லயா?"

"பொலிசுக்குப் போய் நாமளா சேர் கேள்வி கேக்கிற? அவங்கதானே கேக்கிற!"

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள், கொஞ்ச நேரம். பிறகு அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவருக்குப் புது முறைப்பாடு எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "இதை எழுதினவன் கெட்டவனா இருக்கணும் எண்டில்ல தம்பி. களைச்சுப்போனவனா இருந்தாலும் போதும்."

உங்கள் பிடிவாதம் அங்கிருந்து வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா தெரியாது. நீங்கள் பொறுப்பெடுத்த எந்த நிலையத்திலும் வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு அவருடைய பாஷையில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. ஆள் இல்லையென்றால் அறையை விட்டு நீங்களே இறங்கி வந்து வாசிப்பீர்கள். எழுத்துக்கூட்டி, நிதானமாக. தொடங்கும்போது எப்போதும் ஒரே சொல்: "வாசிக்கிறன், கேளுங்க. பிழையெண்டா நிப்பாட்டுங்க." உங்களுக்குக் கீழே வேலை செய்தவர்கள் உங்களை ‘வாசிக்கிற மாத்தயா’, வாசிக்கிற ஐயா, என்று கேலி பண்ணியதை நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ஒரு நிலையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், அத்தனையும் வாசித்தால் மனிதனுக்குத் தொண்டை என்னத்துக்காகும் என்று நான் கேட்டேன். "தொண்டை போனா குடிக்கப் பிளேன்டி இரிக்கி. மத்தது போனா என்ன இரிக்கி?" என்றீர்கள்.

அந்தத் தொண்டையோடும் தகரப் பெட்டியோடும் ஏறி ஏறி, கடைசியில் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஆனீர்கள். எங்கள் ஊரில் அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். நானும் அதற்குள் சைக்கிளிலிருந்து இறங்கி, நடைபாதையில் விரித்து, பிறகு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். ஊர் உங்களுக்கு வரவேற்பு வைக்க வேண்டும் என்றது. உண்மையைச் சொன்னால், ஊர் என்று சொன்னது முதலில் நான்தான்.

"வேணாம் தம்பி" என்றீர்கள். "ரெண்டு நாள் லீவு. படுக்கப் போறன்."

"காக்கா, ஒவ்வொரு ஊரிலயும் கிளார்க்குக்குக் கூட ஊர்வலம் வைக்கிறாங்க. நீங்க எஸ்.எஸ்.பி. சும்மா வந்து படுத்துட்டுப் போனா நாங்க எப்பிடி வெளியில முகம் காட்டுற?"

"உங்கட முகத்துக்கு நான் என்னத்துக்கு மேடையில ஏறணும்?"

"ஒரு மணித்தியாலம். கதிரையில இருந்தாப் போதும். மத்ததெல்லாம் நான் பாக்கிறன்."

"அழைப்பிதழைக் காட்டுங்க, ஆர் ஆர் வாற எண்டு பாக்கணும்" என்றீர்கள். அச்சில் இருக்கிறது, நாளைக்குத் தாறன் என்றேன். மறுநாள் வந்தபோது நீங்கள் பயணக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் வளைவுக்கும் ஒருவர் பொறுப்பெடுத்தார். மர முதலாளி. காட்டு மரம் ஏற்றுகிறவர், பஸாரில் கட்டடங்களும் வைத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான், முதல் பொன்னாடை அவர் கையால். நான் சம்மதித்தேன். மேடையில் அவர் பெயரை அறிவித்தபோது நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "ஆர் இவர்?" என்று கேட்டீர்கள். "நம்மட ஆள்தான் காக்கா" என்றேன். நீங்கள் எழும்பித் தலையைக் குனிந்தீர்கள். நாவல் நிறம் உங்கள் தோளில் விழுந்தது. கமரா வெளிச்சம் அடித்தது.

மூன்று நாலு வருஷம் கழித்து, நீங்கள் கடமையில் இருந்த மாவட்டத்தின் சோதனைச் சாவடி ஒன்றில் மரம் ஏற்றிய லொறி பிடிபட்டது. சாரதியிடம் பத்திரம் இல்லை. அவன் இருக்கைக்கு மேலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினானாம். மழை நனைக்காமல் பிளாஸ்டிக் ஒட்டிய பெரிய படம். நீங்கள், பொன்னாடை, முதலாளி. "இவர் எங்கட முதலாளிட ஆள்" என்றானாம். லொறியை விடவில்லை. படத்தையும் விடவில்லை. பிறகு பெயர் போடாத பெட்டிசம் ஒன்று கொழும்புக்குப் போயிற்று. அந்தப் படம் அவருடைய எல்லா லொறியிலும் இருக்கிறது, எஸ்.எஸ்.பி. பங்குக்காரர் என்று.

உங்கள் பெயர் அப்போது டீ.ஐ.ஜி. பதவிக்குப் போயிருந்த நேரம்.

விசாரணைக்கு இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். மரியாதையான ஆட்கள். ஒருவர் அந்தப் படத்தில் முதலாளியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார், மற்றவர் எழுதினார். "இவரை மேடைக்கு அழைத்தது யார்?"

"குழு" என்றேன்.

"குழுவில் யார்?"

"எல்லாரும் சேர்ந்துதான் சேர். ஆர் ஆரோ சொன்ன. நான் உடுப்புக் கடைக்காரன், பொன்னாடை மட்டும்தான் நான் குடுத்த."

எழுதியவர் தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட இடம் காட்டினார். எல்லாம் சிங்களம். வாசித்துக் காட்டவில்லை. இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், "வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்கலாம் என்று. உங்கள் வாசலில் எத்தனை செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறேன். நான் கேட்கவில்லை. நான் சொன்னது எனக்கே திரும்பிக் கேட்கக் கூடாது என்று இருந்தது. வைத்தேன் கையெழுத்தை.

உங்களையும் கேட்டார்கள். சகலன் ஏற்பாடு செய்தான், அழைப்பிதழை எனக்குக் காட்டவில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் உங்கள் பெயர் கழுவப்பட்டிருக்கும். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது. "அழைப்பிதழைப் பார்க்காமல் மேடையேறியது என் பிழை" என்று மட்டும் சொன்னீர்களாம். லஞ்சம் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் பதவி உயர்வு நேர்முகத்தில் உங்கள் கோப்பு ஓரமாகப் போயிற்று. உங்களிடம் வேலை பழகியவர்கள் மேலே போனார்கள். நீங்கள் இருந்த இடத்திலேயே ஓய்வு பெற்று, அதே தகரப் பெட்டியோடு வளவுக்குள் வந்தீர்கள்.

வந்த அன்றைக்கே அந்தப் பொன்னாடையை மடித்த மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து தந்தீர்கள். "புதுசுதான் தம்பி. வித்திருங்க." கேலியா, கோபமா என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் மிகவும் களைத்திருந்தீர்கள், அவ்வளவுதான் தெரிந்தது.

பிறகு பதினொரு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். சுபஹு தொழுதுவிட்டு சாய்ந்தமருதுக் கடற்கரையில் சேர்ந்து நடந்தோம். கரைவலை இழுப்பதைப் பார்த்தோம், மீனுக்கு விலை கேட்டோம், சீனியைப் பற்றியும் பிரஷரைப் பற்றியும் கதைத்தோம். அதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. ஒரே ஒரு காலை. நீங்கள் தோணியொன்றில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"தம்பி, அண்டைக்கு உங்களுக்கு வாசிச்சுக் காட்டினாங்களா?"

"இல்ல காக்கா."

"கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு நடக்கத் தொடங்கினீர்கள். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தேன். வியாபாரத்தில் நான் ஒரு நாளும் அப்படி நினைத்ததில்லை.

உங்கள் மௌத்துக்கு நாலைந்து மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓய்வுபெற்ற சிங்களச் சார்ஜன்ட் ஒருவர் கபுறடியில் தொப்பியில்லாமல், கைலேஞ்சியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். மண் போட்டுவிட்டு என்னிடம் வந்து, தெரிந்த தமிழில், "சேர் எங்களுக்கு வாசிக்கப் பழக்கின" என்றார். 

இவ்வளவையும் எழுதி முடித்து நேற்று அசருக்குப் பிறகு உங்கள் வீட்டுக்குப் போனேன். மதினி துக்கம் காக்கும் இத்தா முடிந்து முன் விறாந்தையில் உட்கார்ந்திருந்தா. என் மனைவியும் கூட வந்து தங்கைக்காரியாகப் பக்கத்தில் உட்கார்ந்தா. இது மலரில் வரப்போகிறது, முதலில் நீங்கள் கேட்க வேண்டும் என்று சொல்லி, தாளை விரித்து, வாய் தன்பாட்டில் சொன்னது: "வாசிக்கிறன், கேளுங்க. பிழையெண்டா நிப்பாட்டுங்க."

மதினி முந்தானையை இழுத்துக் கண்ணைத் துடைத்தா. பிறகு அசையாமல் கேட்டா. மாமியின் கொடிக்கயிற்றுக்குச் சிரித்தா. மர முதலாளி வந்த இடத்தில் கையைத் தூக்கினா.

"நிப்பாட்டுங்க மச்சான்."

"என்ன பிழை?"

"முதல் பொன்னாடை கேட்டார், நான் சம்மதிச்சன் எண்டு எழுதியிருக்கீங்க. ஏன் சம்மதிச்ச?"

"மேடை, ஒலிபெருக்கி எல்லாம் அவர்தானே..."

"அதுக்கா?" என்றா. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டா. "பஸார் முனையில ரெண்டு வாசல் கடை ஆர்ட கட்டடம் மச்சான்? எந்த மாசம் நீங்க அதுக்குள்ள போன? என்ட தங்கச்சி அண்டைக்கே வந்து சொல்லி அழுத. நான் அவருக்கும் சொன்ன."

"காக்கா என்ன சொன்ன?"

"‘அவன் எழுதித் தரட்டும்’ எண்டார். மறுகா அதப் பத்திக் கதைக்கல்ல."

ஆகவே விட்டதை எழுதுகிறேன், காக்கா. ஒழுங்கைக் கடையில் எனக்கு மூச்சு முட்டியது. அந்த முனைக் கடைக்கு நாலு பேர் போட்டி. கட்டடம் மர முதலாளியுடையது. "உங்கட சகலனுக்கு நான் பொன்னாடை போத்தினா, கடைத் திறப்பு உங்கட கையில" என்றார். வரவேற்பு முடிந்த வாரமே திறப்புச் சாவியைத் தந்தார். ‘நம்மட ஆள்தான்’ என்று உங்கள் காதில் சொன்னபோது நான் உங்களை நினைக்கவில்லை. அந்த இரண்டு வாசலைத்தான் நினைத்தேன். அவரைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். உங்களுக்குத் தெரியாது. குழுவுக்கும் தெரியாது. உங்கள் கையில் அந்த மனிதரின் ஒரு மரத்தூள்கூடப் படவில்லை. இதுதான் என் வாக்குமூலம்.

மதினி முழுவதையும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். இந்த முறை நிறுத்தவில்லை. கையெழுத்து வைத்தேன்.

நாளைக்கு மாஸ்டர் வருவார், பெரிய தெரு வாசலால். இந்தத் தாள்களைக் கொடுப்பேன். மலரில் போடாவிட்டால் இரு வாசலிலும் ஒவ்வொரு பிரதி ஒட்டுவதாக மதினியிடம் சொல்லியிருக்கிறேன். வாசிக்கத் தெரியாமல் நிற்கிறவருக்கு வாசித்துக் காட்டவும் நான் அங்கே இருப்பேன். கடையை விட்டு எழும்பும் தைரியம் இந்த வயதில் எனக்கு இல்லை. அதையும் மறைக்கவில்லை. காலையில் ஒரு வாசலைத் திறப்பேன், நடந்து போய் மற்றதைத் திறப்பேன். உங்கள் பொன்னாடை அடித்தட்டில் இருக்கிறது. அது விற்பனைக்கு இல்லை.